நூலே ஆசானாக: பேராசிரியர் மகலனோபிஸ் வரலாறு

ஆசிரியரை அடுத்திருந்து அவர் வாய்ச்சொல் கேட்டுக் கற்பதே கல்வி என்பது நம் நாட்டின் நெடுநாளைய மரபு. ஆயினும் தாம் கற்க விரும்பும் கலையைக் கற்பிக்கத் தம் நாட்டில் ஒருவரும் இல்லாத நிலை சிலருக்கு நேர்வதுண்டு. அப்பொழுது நூல் ஒன்றே அவர்களுக்கு ஆசானாக அமைகிறது. கும்பகோணத்தில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்றைத் துணையாகக் கொண்டு கணிதக் கடலில் தாமே இறங்கிய சீனிவாச இராமானுசன் வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். அவரோடு கேம்பிரிட்ஜில் நெருங்கிப் பழகிய வங்க இளைஞர் ஒருவரும் அவ்வாறே நூல்வழியாகப் புதியதொரு துறையைக் கற்று, அதனை இந்தியாவில் வேரூன்றச் செய்தார். அவரே பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிழைப்பை நாடி இந்த ஊக்ளிக் கரைக்கு வந்து, இந்நகரையே நம் ஊராகக் கொண்டுவிட்ட நாம், இந்நகர் பெற்றெடுத்த அப்பெரியாரின் வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

பிறப்பும் இளமையும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரணர் கிழக்கு வங்கத்து விக்கிரமபுரத்திலிருந்து இந்நகருக்கு வந்து, மருந்துக்கடை வைத்து முன்னேறியவர். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது கைம்பெண் ஒருவரை மணந்துகொண்ட துணிவாளர். மகலனோபிஸின் தாய்மாமன் டாக்டர் நீலரத்தன் சர்க்கார். சியால்தாவில் உள்ள பெரிய மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சீர்திருத்தமும் கல்வியும் கலந்த இத்தகைய வீட்டில் வளர்ந்த இளைஞர், பிரம்ம சமாஜப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சிக் கல்லூரியிலும் பயின்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர். 1912ஆம் ஆண்டு இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இலண்டனில் படிப்பதே அவர் எண்ணம். ஆனால் ஒருநாள் கேம்பிரிட்ஜைப் பார்த்துவரச் சென்றவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் தம்மை மறந்து நின்றமையால் திரும்பும் புகைவண்டியைத் தவறவிட்டார். அன்றிரவு தென்னாட்டு நண்பர் ஒருவர் அறையில் தங்கினார். அந்நண்பரின் தூண்டுதலால் மறுநாள் அக்கல்லூரியில் இடம் கேட்க, இடமும் உடனே கிடைத்தது. தவறிய வண்டி ஒன்று அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

இராமானுசனோடு நட்பு

1914ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இராமானுசன் கேம்பிரிட்ஜை அடைந்தார். இருவருக்கும் விரைவில் நட்பு மலர்ந்தது. குளிர்காலத்தில் ஒருநாள் நண்பரின் அறைக்குச் சென்ற மகலனோபிஸ், இராமானுசன் இரவில் மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாக அறிந்து வியந்தார். கட்டிலைப் பார்த்தபொழுது காரணம் விளங்கியது. அந்நாட்டு வழக்கப்படி கம்பளிகளின் ஓரங்கள் மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பது அறியாது, நம் கணித மேதை அவற்றின் மேலேயே படுத்துவந்தார்! அவ்வழக்கத்தை அன்புடன் எடுத்துரைத்தவர் மகலனோபிஸ்.

மற்றொரு நாள், ஒரு பத்திரிகையில் வெளிவந்த புதிர் ஒன்றை மகலனோபிஸ் நண்பரிடம் கூறினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண் இடப்பட்டுள்ளது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் 50க்கு மேலும் 500க்குள்ளும் இருப்பின், அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிஸ் சில நிமிடம் முயன்று பார்த்தே விடையைக் கண்டிருந்தார். 288 வீடுகளுள் 204ஆம் வீடு என்பதே அது. அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுசனோ, கேட்டவுடனே தொடர்பின்னம் ஒன்றைக் கூறி, இதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் உரிய விடைகளை ஒருங்கே அளித்துவிட்டார். 8 வீடுகளுள் 6ஆம் வீடு அவற்றுள் எளியதொன்று. ஒரே புதிரின் முன்னே இருவர் இயல்பும் வெளிப்பட்டன. ஒருவர் உள்ளுணர்வால் எல்லையற்றதைத் தொட்டார். மற்றவர் கையிலுள்ள எண்களைச் சோதித்துச் சோதித்து உண்மையை அணுகினார். இப்பிற்கூறிய இயல்பே புள்ளியியலுக்கு அடிப்படை என்பது பின்னர் விளங்கியது.

கப்பலில் தொடங்கிய பாடம்

1915ஆம் ஆண்டு மகலனோபிஸ் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய இடமும் கிடைத்தது. அதற்குமுன் சிறிது காலம் தாயகம் சென்றுவர விரும்பினார். முதல் உலகப் போர் மூண்டிருந்தமையால் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. அவ்விடைவேளையில் கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்த அவருக்கு, மெக்காலே என்னும் கல்லூரி ஆசிரியர் ‘பயோமெட்ரிக்கா’ என்ற ஆராய்ச்சி இதழின் கட்டடத் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணித முறையால் ஆராய்வதற்காகக் கார்ல் பியர்சன் முதலியோர் 1901இல் தொடங்கிய இதழ் அது. மனிதரின் உயரம், விதைகளின் எடை, நண்டுகளின் அகலம் என ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் செய்திகள் அனைத்தும் சராசரி, சிதறல், ஒட்டுறவு என்னும் ஒரு சில கருத்துகளுக்குள் அடங்குவதைக் கண்டு அவர் வியந்தார். தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கினார். கப்பல் பயணத்திலேயே படிக்கத் தொடங்கினார்.

கல்கத்தா வந்து இறங்கியவரைப் பிரசிடென்சிக் கல்லூரி இயற்பியல் ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. அவர் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை. பகலில் இயற்பியல் கற்பித்தார். ஓய்வு நேரங்களில் பயோமெட்ரிக்காவைக் கற்றார். அந்நாளில் இந்தியப் பல்கலைக்கழகம் எதிலும் புள்ளியியலுக்கெனத் தனித் துறை இல்லை. ஐயம் வந்தால் கேட்க ஆள் இல்லை. ஐயத்தை எவ்வாறு தீர்ப்பது? கைக்கெட்டிய உண்மையான எண்களைக் கொண்டு சோதிப்பதொன்றே வழி. இதுவே அவர் கல்விமுறை ஆயிற்று.

1917இல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்களை ஆராயும் பணியில் அவர் துணையை நாடினார். இதழில் படித்த முறைகளைத் தேர்வு மதிப்பெண்களில் செலுத்தியது அவர் முதற்பயிற்சி. 1920இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில், விலங்கியல் ஆய்வுத் துறைத் தலைவர் ஆனண்டேல் அவரைச் சந்தித்து, கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவுகளை ஆராயுமாறு வேண்டினார். இங்கே நூலில் விடை காணாத ஒரு வினா எழுந்தது. இரண்டு மக்கட் குழுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அணிமையில் உள்ளன என்பதை எவ்வாறு அளப்பது? உயரம், கையின் நீளம், தலையின் அகலம் ஆகிய வேறுபாடுகளை வெறுமனே கூட்டிவிட இயலாது. உயரமானவர்க்குக் கையும் நீண்டிருத்தல் இயல்பாதலால், ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணிய குற்றம் நேரும். இவ்வொட்டுறவுகளைக் கழித்து உண்மைத் தொலைவை அளக்கும் முறையை அவர் பல்லாண்டு உழைத்து வகுத்தார். 1936இல் முழுவடிவில் வெளிவந்த அம்முறை ‘மகலனோபிஸ் தொலைவு’ என்ற பெயரால் இன்று உலகெங்கும் வழங்குகிறது. கணிப்பொறிகள் ஒன்றையொன்று ஒத்த உருவங்களைப் பிரித்தறிவதற்கும் அது பயன்படுகிறது.

வெள்ளமும் எண்களும்

எண்கள் தவறினால் ஏழைகள் துன்புறுவர் என்பதை அவர் வெள்ளத்தில் கண்டார். 1922இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் வந்தது. நீரைத் தேக்கி நிறுத்தும் பெரும் பள்ளங்களைப் பெரும் பொருட்செலவில் அமைக்கப் பொறியாளர் சிலர் கருதினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழைக் கணக்கை ஆராய்ந்த மகலனோபிஸ், அங்கே வேண்டுவது தேக்கம் அன்று, விரைவான வடிகாலே என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரைபுரண்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டதெனவும், கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டுமெனவும் வல்லுநர் கூறினர். அறுபது ஆண்டுக் கணக்கைப் பார்த்த அவர், படுகை உயரவில்லை, மலைப்பகுதியில் பெய்த மிகு மழையே காரணம் என்று நிறுவினார். மேற்பகுதியில் அணைகள் கட்டி நீரைத் தடுத்து மின்சாரமும் பெறலாம் என்றும் கருத்துரைத்தார். மகாநதியின்மேல் 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் பின்னணியில் அவருடைய இக்கணக்குகளும் உண்டு.

ஓர் அறையில் பிறந்த கழகம்

பிரசிடென்சிக் கல்லூரி இயற்பியல் பகுதியின் ஓர் அறையே அவருடைய புள்ளியியல் ஆய்வுக்கூடம். அவ்வறையிலிருந்தே 1931 டிசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. முதலாண்டுச் செலவு 250 ரூபாயைத் தாண்டவில்லை. 1933இல் ‘சாங்கியா’ என்னும் ஆராய்ச்சி இதழையும் தொடங்கினார். இதழ் ஒன்றால் கற்றவர், பிறர் கற்பதற்கு இதழ் ஒன்றை நாட்டுக்கு அளித்தார்.

தாம் கற்ற வழியிலேயே பிறரையும் கற்பித்தார். ராஜ் சந்திர போஸ் என்னும் இளங் கணித ஆசிரியர் கழகத்தில் சேர்ந்தபொழுது புள்ளியியலில் தமக்குப் பயிற்சி இல்லை என்றார். கோடையில் ஆய்வுக்கூடம் டார்ஜிலிங் செல்லும் காலம். மகலனோபிஸ் பயோமெட்ரிக்காத் தொகுதிகளையும், படிக்கவேண்டிய ஐம்பது கட்டுரைகளின் பட்டியலையும், ஃபிஷர் எழுதிய நூலொன்றையும் அவரிடம் கொடுத்து, இப்போதைக்கு இவையே போதும் என்று விட்டுவிட்டார். வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. அந்தப் போஸ் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். ஆய்லர் என்னும் பழம்பெரும் கணித மேதையின் நூற்றெழுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஊகம் ஒன்று தவறென 1959இல் நிறுவிய மூவருள் அவரும் ஒருவர்.

ஒரு பானைச் சோறு

வங்கத்தில் நிலையான ஜமீன் வரி முறை இருந்தமையால், ஊர்தோறும் பயிர்க்கணக்கு எழுதுவோர் இல்லை. நம் தமிழ்நாட்டில் ரயத்வாரி முறை நிலவிய ஊர்களில் கர்ணம் அடங்கல் கணக்கு எழுதிவந்தார். இங்கோ சௌக்கிதார் சொல்லும் குத்துமதிப்பே சணல் விளைவின் கணக்காக இருந்தது. 1937 முதல் மகலனோபிஸ் மாதிரி ஆய்வு முறையால் சணல் பரப்பை அளக்கத் தொடங்கினார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால் பானையில் நீர் கொதித்துக் கொதித்து எல்லாப் பருக்கையையும் ஒரு தன்மையாக்கிவிடுகிறது. நிலம் அவ்வாறன்று. ஒரு வயல் விளைய, அடுத்த வயல் காயும். அளப்பவர் தாமே வயலைத் தேர்ந்தெடுத்தால், வழிக்கு அருகிலுள்ளதையும் செழித்ததையும் நாடுவார். ஆகவே எந்த வயல் என்பதை ஆள் தீர்மானித்தல் ஆகாது. திருவுளச்சீட்டுப் போடுவது போன்ற தற்செயல் முறையே தீர்மானிக்கவேண்டும். அவ்வாறு செய்தால் எத்தனை வயல்களை அளந்தால் எவ்வளவு பிழை வரக்கூடும் என்பதை நிகழ்தகவு இயலே கூறிவிடும். இது நூல் கற்பித்த பாடம்.

நூல் கற்பிக்காத பாடத்தை வயல் கற்பித்தது. வட்டமாகக் கயிறிட்டுப் பயிரை அறுக்கும்பொழுது, விளிம்பில் நிற்கும் தாளை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? சேர்க்கவே கை நீளுகிறது. வட்டம் சிறிதாகச் சிறிதாக இப்பிழை பெரிதாகிறது. சிறு வட்டம் தகுமா என்பதுபற்றி அறிஞர்களிடையே நெடிய வாதமும் நிகழ்ந்தது. வயலுக்கே செல்லாமல் எண்களை எழுதிவிடும் பணியாளரும் உண்டு. இவை தற்செயலின் பிழைகள் அல்ல, மனிதரின் பிழைகள். இவற்றைச் சூத்திரம் அறியாது. எனவே மகலனோபிஸ் ஒரே வட்டாரத்தில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவர் கணக்கை மற்றவர் அறியாதவாறு இரு குழுவினரை அனுப்பினார். இரு விடைகளும் ஒத்து நின்றால் நம்பிக்கை, விலகி நின்றால் எச்சரிக்கை. இவ்வாறு தம் கணக்கில் பிழை இருக்கலாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதனைக் கண்டுபிடிக்கும் வழியையும் உடன் அமைத்ததே அவர் பெருமை.

இவ்வுழைப்பின் தேவையை 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் கொடுமையாக உணர்த்தியது. மாகாணத்தில் எவ்வளவு அரிசி உள்ளது என்பதற்கே நம்பத்தக்க கணக்கு இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு மாண்டவர் 15 இலட்சம் என மதித்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் 30 இலட்சம் வரையிலும் மதிப்பிட்டனர். இறந்தோர் எண்ணிக்கைகூட இவ்வளவு ஐயத்துக்கு இடமாயிற்று! பஞ்சத்துக்குப்பின் கழகத்தார் கிராமங்களுக்குச் சென்று, நிலத்தை விற்றவர் யார், உழவு மாட்டை இழந்தவர் யார், பிச்சைக்கு இறங்கியவர் யார் என்று மாதிரி ஆய்வு நடத்தி எழுதிவைத்தனர். சோற்றின்றி மடிந்தவரைக் கணக்கு மீட்டுத்தர இயலாது. அடுத்த பஞ்சத்தைத் தடுக்கும் அறிவையேனும் அது தரும்.

நாட்டுப்பணியும் கணிப்பொறியும்

விடுதலைக்குப் பின் நேருவின் அரசு அவரைப் புள்ளியியல் ஆலோசகராக்கியது. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 1,800 கிராமங்களைக் கொண்டு பெருநாட்டு மக்களின் உணவையும் செலவையும் அறிய முற்பட்டது அதன் முதற் சுற்று. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பு அடிப்படையாயிற்று. கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த அத்திட்டத்தைப் போற்றியவரும் உண்டு, உழவையும் நுகர்பொருளையும் பின்தள்ளியது எனக் குறை கூறியவரும் உண்டு. அவ்வாதம் இன்றும் ஓயவில்லை. பணியில் அவர் கண்டிப்பானவர். அவர் வளர்த்த அறிஞர் சிலர் கழகத்தை விட்டு வெளிநாடு சென்றதும் உண்மையே.

அளந்து வந்த எண்கள் மலைபோல் குவிந்தன. தொடக்கத்தில் அவற்றைக் கூட்டிப் பெருக்கியோர் மேசைப்பொறியின் முன் அமர்ந்த மனிதர்களே. 1956இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி கழகத்தில் நிறுவப்பட்டது. இந்தியா கண்ட முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. 1959இல் சோவியத் நாட்டு ‘உரால்’ பொறியும் வந்து சேர்ந்தது. அப்பொறிகளுக்கு இன்றைய எளிய நிரல் மொழிகள் இல்லை. கூட்டு, இங்கே வை, அங்கே செல் என்னும் ஒவ்வொரு கட்டளையையும் பொறியின் எண்மொழியிலேயே எழுதல் வேண்டும். அதனைக் கற்பிக்க நாட்டில் கல்லூரி ஏதும் இல்லை. நாற்பதாண்டுக்கு முன் தலைவர் புள்ளியியலைக் கற்றதுபோலவே, இளைஞர் சிலர் விளக்க ஏடுகளைப் புரட்டியும் பிழை செய்து திருத்தியும் அக்கலையைக் கற்றனர்.

1950களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்தும் இளைஞர் சிலர் பாராநகர் நோக்கி வந்தனர். கே. ஆர். பார்த்தசாரதி, வி. எஸ். வரதராசன், சீனிவாச வரதன் ஆகியோரும் ஆந்திர நாட்டு ரங்கா ராவும் அங்கே கூடினர். சி. ஆர். ராவ் அவர்களுக்கு வழிகாட்டி. எனினும் நிகழ்தகவின் புதிய நூல்களைத் தாமே படித்து, ஒருவர்க்கு ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டே அவர்கள் பெரிதும் முன்னேறினர். அவர்களுள் வரதன் 2007இல் கணிதத்தின் மிகவுயர்ந்த பரிசுகளுள் ஒன்றான ஆபெல் பரிசைப் பெற்றார். இராமானுசனுக்குக் கம்பளி போர்த்தக் கற்பித்தவரின் நிழலில், இராமானுசன் நாட்டுப் பிள்ளைகள் தழைத்தனர்.

நிறைவு

தாகூரின் அணுக்கத் தொண்டராகவும் விசுவபாரதியின் செயலாளராகவும் பத்தாண்டு பணியாற்றிய மகலனோபிஸ், 1945இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1968இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சாங்கியா என்னும் வடசொல் எண்ணையும் குறிக்கும், தெளிந்த அறிவையும் குறிக்கும் என்பதறிந்தே அவர் தம் இதழுக்கு அப்பெயரைச் சூட்டினார். நம் தமிழிலும் எண் என்னும் சொல்லுக்கு அவ்விரு பொருளும் உண்டன்றோ? எண்ணுதல் கணக்கிடுதலுமாம், சிந்தித்தலுமாம். நம் பிள்ளைகள் இன்று புள்ளியியலையும் நிகழ்தகவையும் கணிப்பொறி நிரலையும் நூல்வழித் தாமே கற்க முற்படுகின்றனர். அவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், தம் கண்முன் உள்ள ஓர் உண்மையான வினாவை எடுத்து அதில் செலுத்திப் பார்க்கட்டும். தம் விடையைத் தாமே இருமுறை ஐயுறட்டும். போர்க்காலத்தில் தாமதமான கப்பல் ஒன்றுக்காகக் காத்திருந்த இளைஞர், கையில் கிடைத்த நூலை அவ்வாறு கற்றார். அதன் பயனை நாடு முழுவதும் இன்றும் துய்க்கிறது.